வெள்ளிக் கிரகத்தில் ஒரு பால் டின்

வணக்கம் நேயர்களே. வேற்றுக் கிரகங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விண்வெளி விஞ்ஞானி இல்லை. ஜூரோங், துவாஸ் பக்கம் பட்டறைகளிலும் ஆலைகளிலும் அழுத்தக் கலன்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பாய்லர், காற்றுத் தொட்டி, கேஸ் டேங்க் என்று எது வந்தாலும் அழுத்தம் ஏற்றி, எங்கே கசிகிறது, எங்கே வீங்குகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள். அதனால் மற்றவர்கள் சாயங்கால வானத்தில் வெள்ளியைப் பார்த்து என்ன அழகு என்பார்கள், எனக்கு மட்டும் அங்கே இறக்குகிற கலனுக்குச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வைத்திருப்பார்கள் என்று புத்தி போகும்.

நான் இந்த விஷயத்தை எடுத்தாலே பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "அங்கிள், ஜூபிடருக்குப் போனா கிராவிட்டி நம்மள அப்படியே நசுக்கிடுமா?" பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் தயங்கிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். பிழைக்கமாட்டோம், சந்தேகமில்லை, ஆனால் அதற்கு ஈர்ப்பு விசை நேரடிக் காரணம் இல்லை. ஈர்ப்பு ஒரு விஷயம், அழுத்தம் வேறொரு விஷயம், இரண்டும் சொந்தக்காரர்கள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை. இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில் இந்த ஒன்றைத்தான் பேசப்போகிறேன்.

ஈர்ப்பை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் பயப்பட அதிகம் இல்லை. பூமியில் 60 கிலோ காட்டுகிற ஒருவர் அதே எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகிறார் என்று வையுங்கள். நிலாவில் 10 கிலோ. செவ்வாயிலும் புதனிலும் 23க்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளியில் 54. யுரேனஸிலும் ஏறக்குறைய அதேதான், நெப்டியூனில் 68. சனியில் 64, அந்தக் கிரகம் வேகமாகச் சுழல்வதைக் கணக்கில் எடுத்தால் நடுக்கோட்டுப் பக்கம் அதுவும் கிடையாது, 60க்கும் கீழே இறங்கிவிடும். ஏழரைச் சனி வந்தால் ஆளைப் போட்டு அழுத்திவிடும் என்பார்கள், சனிக் கிரகமே அவ்வளவு அழுத்துவதில்லை. வியாழனில் மட்டும்தான் 150 கிலோ பக்கம் போகும், அதாவது பூமியைப்போல் இரண்டரை மடங்கு. நிற்க முடியாது, முழங்கால் போய்விடும், ஆனால் நசுங்கமாட்டோம். போர் விமானிகள் சில வினாடிகளுக்கு 9 மடங்கு வரை தாங்குகிறார்கள். 1954இல் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் ராக்கெட் வண்டியில் தன்னைக் கட்டிக்கொண்டு போய் சடாரென்று பிரேக் போட வைத்து, ஒரு கணம் 46 மடங்கு தாங்கினார், கண்ணில் ரத்தம் கட்டியது, ஆனாலும் பிழைத்துக்கொண்டார். உங்கள் கைப்பேசிக்கு வியாழனின் இரண்டரை மடங்கு ஒரு பொருட்டே இல்லை. மேசையிலிருந்து கீழே விழுந்து தரையில் மோதும்போது அது வாங்குகிற அடி இதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதைப் பார்க்க வேறு கிரகம் போக வேண்டியதும் இல்லை. சிங்கப்பூர் நடுக்கோட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. பூமி இங்கே கொஞ்சம் புடைத்திருக்கிறது, சுழலும் வேகமும் இங்கேதான் அதிகம், அதனால் இங்கே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. லண்டனில் அளவு சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசு ஒன்றை அப்படியே கொண்டுவந்து சிராங்கூன் சாலை நகைக்கடையில் வைத்து 100 கிராம் தங்கத்தை நிறுத்தால் 99.7 கிராம் என்று காட்டும். தங்கம் குறையவில்லை, இழுப்புதான் குறைந்திருக்கிறது. அதனால்தான் அந்த மாதிரி தராசுகளை எந்த ஊரில் பயன்படுத்துகிறோமோ அந்த ஊரிலேயே வைத்துத் திருத்த வேண்டும். இரண்டு தட்டு வைத்த பழைய தராசுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையும்.

சரி, அழுத்தத்துக்கு வருவோம், இதுதான் என் பேட்டை.

நாம் எல்லாரும் காற்றுக் கடலுக்கு அடியில்தான் இருக்கிறோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கான அழுத்தம். உங்கள் உள்ளங்கை மேல் மட்டும் நூறு கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. ஏன் கை கீழே போகவில்லை என்றால், கைக்கு அடியிலிருந்தும் அதே காற்று அதே அளவு மேலே தள்ளுகிறது, கைக்குள்ளே இருக்கிற திசுவும் ரத்தமும் அதே அழுத்தத்தில்தான் இருக்கின்றன. ஒரு பொருளை நசுக்குவது எவ்வளவு அழுத்தம் என்பதைவிட, உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்கிற வித்தியாசம்தான்.

இதை எனக்குப் புத்தகம் சொல்லித்தந்ததைவிட ஒரு டேங்க் நன்றாகச் சொல்லித்தந்தது. ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், ஒரு பெரிய இரும்புத் தொட்டியை நீராவி விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மணல் அடித்துத் துரு எடுக்கிற வேலை நடந்தது, தூசி உள்ளே போகக்கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் தொட்டியின் மேலே இருக்கும் காற்றுப்போக்கியைக் கனமான பிளாஸ்டிக் ஷீட் போட்டு டேப் சுற்றி இறுக்கிவிட்டார். நீராவியை நிறுத்தினார்கள், எல்லாரும் சாப்பிடப் போனோம். மதியம் வழக்கம்போல மழை கொட்டியது. தொட்டி குளிர்ந்தது, உள்ளே இருந்த நீராவி தண்ணீராகிச் சுருங்கியது, உள்ளே அழுத்தம் இறங்கிவிட்டது, வெளியே நம்முடைய சாதாரணக் காற்று மட்டும்தான். "டொம்" என்று ஒரு சத்தம், அப்புறம் இரும்பு முறுக்குகிற சத்தம் கொஞ்ச நேரம். கிரேன் இடித்துவிட்டதா என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் ஒரு பக்கச் சுவர் முழுக்க உள்ளே வாங்கிக் குழிந்து கிடந்தது. ஒரு சதுர மீட்டர் மேல் பத்து டன் வரை காற்று அழுத்த முடியும், அதில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தாலே ஒரு டன், அந்த மெல்லிய தகட்டுக்கு அது போதும். மழை பெய்கிற சிங்கப்பூர்க் காற்றே ஒரு தொட்டியைச் சப்பவைக்கும் என்றால் வெள்ளிக் கிரகத்தில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல் சுமார் 92 மடங்கு. கடலுக்குள் ஏறக்குறைய 900 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ். ஆனால் கவனியுங்கள், அங்கே ஈர்ப்பு நம்மைவிடக் குறைவு. அதாவது அந்த அழுத்தம் கிரகம் பலமாக இழுப்பதால் வரவில்லை, காற்று ஏராளமாக இருப்பதால் வருகிறது. அத்தனையும் பெரும்பாலும் கரியமிலவாயு. நம் பூமியிலும் அந்த அளவுக்குக் கிட்டத்தட்டக் கரிமம் இருக்கிறது, ஆனால் சுண்ணாம்புக் கல்லாகவும் பாறையாகவும் அடங்கிக் கிடக்கிறது, தப்பித்தோம்.

இப்போது மூன்று பால் டின் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பிக் கடையில் போடுகிற அதே இனிப்புப் பால் டின், அந்தக் காலத்தில் வாயில் கயிறு கட்டிக் கோப்பி ஊற்றிக் கொடுப்பார்களே, அது. முதல் டின் காலி, மூடி வெட்டித் திறந்திருக்கிறது. இரண்டாவது காலிதான், ஆனால் காற்று மட்டும் உள்ளே இருக்க மூடியை இறுக்கமாக அடைத்துவிட்டோம். மூன்றாவது கடையில் வாங்கியபடியே, பால் நிறைந்து, உடைக்காதது. மூன்றையும் வெள்ளியின் மேகத்துக்குள்ளிருந்து கீழே போடுகிறோம்.

திறந்த டின்னுக்கு அழுத்தத்தால் ஒன்றும் ஆகாது. வெளியே இருக்கிற வாயு உள்ளேயும் போய்விடும், இரண்டு பக்கமும் சமம். தாளும் பெயிண்ட்டும் கருகிப் போகும், வெள்ளீயப் பூச்சு 232 டிகிரியிலேயே உருகி ஓடும், ஆனால் இரும்பு உருவம் அப்படியே தரையில் போய் உட்காரும். அடைத்த காலி டின் பாதி வழிகூடத் தாண்டாது. வெள்ளியில் சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் நம்முடையதைப் போல்தான், 40 கிலோமீட்டருக்கு இறங்கும்போது மூன்றரை மடங்கு, அதற்குள் சப்பிப் போயிருக்கும். மீறித் தரை வரைக்கும் போகவேண்டும் என்றால் அந்தச் சின்ன மூடி மேல் மட்டும் நாலு டன் தாங்கவேண்டும்.

மூன்றாவது டின்தான் வேடிக்கை. பால் நிறைந்த டின் நசுங்காது, ஏனென்றால் திரவம் சுருங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், 92 மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் அரை சதவீதம்கூடச் சுருங்குவதில்லை. ஆனால் சூடு விடுமா? 30 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பம் 220 டிகிரி. என் வேலைக்குத் தினமும் புரட்டுகிற நீராவி அட்டவணையைப் பார்த்தால், அந்தச் சூட்டில் தண்ணீரின் ஆவி அழுத்தம், அதாவது தண்ணீர் ஆவியாகி உள்ளேயிருந்து தள்ளுகிற அழுத்தம், 23, 24 மடங்கு. வெளியே அழுத்தம் பத்து மடங்குதான். ஆக பாலில் இருக்கும் சர்க்கரையைக் கணக்கில் விட்டுவிட்டால், அந்த உயரத்துக்குள் டின் வீங்கித் தையல் பிரிந்து வெடித்துவிடும், வெளிப்பக்கமாக. நசுக்குகிற கிரகம் என்று பெயர் வாங்கிய இடத்தில் ஒரு பால் டின் வெடித்துச் சிதறும். அதே உயரத்திலிருந்து ஒரு இரும்பு ஸ்பேனரைப் போட்டீர்கள் என்றால் ஒன்றுமே ஆகாது. உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டிப் பொருளை 92 மடங்கு அழுத்தம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாற்றாது. ஸ்பஞ்சு வைத்த ஜப்பான் செருப்பு வேறு கதை, அதில் இருக்கிறதெல்லாம் காற்றுக் குமிழி, சூடு மட்டும் இல்லாவிட்டால் அது குழந்தைக் காலுக்குப் போடுகிற அளவுக்குச் சிறுத்துவிடும். ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பல்களில் தெர்மக்கோல் கோப்பைகளில் பெயர் எழுதிப் பையில் போட்டு ஆழத்துக்கு அனுப்பி, சுண்டிப்போய் மேலே வருவதை ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், அதே சங்கதி.

மனித உடம்பு? உடம்பில் பெரும்பாலும் தண்ணீர்தான், நுரையீரலிலும் காதிலும்தான் காற்று. சுவாசிக்கிற வாயுவை அதே அழுத்தத்தில் கொடுத்தால் உடம்பு நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்கும். 1992இல் பிரான்சின் மார்சேயில் காமெக்ஸ் நிறுவனத்தின் அழுத்த அறைக்குள் ஒரு முக்குளிப்பாளர் 701 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தை, அதாவது 71 மடங்கை எட்டினார். ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன் கலந்த வாயுவைச் சுவாசித்தார். எலும்பு நொறுங்கவில்லை. தொல்லை வேறு இடத்தில் வந்தது, அந்த ஆழங்களில் நரம்பு மண்டலம் தடுமாறிக் கை நடுங்கும். இங்கே எண்ணெய்க்குழாய் வேலைக்குப் போகிற முக்குளிப்பாளர்கள் நாள்கணக்கில் அழுத்த அறைக்குள்ளேயே குடியிருப்பார்கள், அவர்களிடம் கேட்டால், உள்ளே போவது பெரிதில்லை, வெளியே வருவதற்குத்தான் நாள் பிடிக்கும் என்பார்கள்.

வெள்ளிக்குக் கலன் அனுப்பின ரஷ்யர்கள் இதையெல்லாம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். 1967இல் போன வெனேரா 4 காற்றுமண்டலத்துக்குள் இறங்கியபடியே செய்தி அனுப்பியது, தரைக்கு வெகு மேலேயே அடங்கிவிட்டது. 1969இல் வெனேரா 5, வெனேரா 6 இரண்டையும் 25 மடங்கு அழுத்தம் தாங்குகிற மாதிரி பலப்படுத்தி அனுப்பினார்கள், அவையும் தரையைத் தொடவில்லை. என்னைப்போல் சோதனை செய்கிறவனுக்கு இது தெரிந்த கதை, டிசைன் பண்ணின அழுத்தம் தப்பு என்றால் வெல்டிங் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோசனமில்லை. அடுத்ததாக வெனேரா 7ஐ டைட்டானியத்தில் 180 மடங்குக்குக் கட்டினார்கள், அதாவது தேவையைப்போல் இரண்டு மடங்கு. 1970 டிசம்பர் 15 அன்று அது இறங்கும்போது பாராசூட் கைவிட்டுவிட்டது, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதியது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பதிவு நாடாக்களை மறுபடி ஆராய்ந்தபோது இரைச்சலுக்கு நடுவே மிக மெலிந்த சமிக்ஞை, 23 நிமிடம் போல, இருந்தது. அநேகமாகக் கவிழ்ந்து விழுந்து ஆன்டெனா வேறு பக்கம் பார்த்திருக்கும். வேற்றுக் கிரகத் தரையிலிருந்து மனிதனுக்கு வந்த முதல் செய்தி அதுதான், வெப்பம் 475 டிகிரி என்று.

பாராசூட் போனபின்னும் அது எப்படிப் பிழைத்தது என்பது எனக்குப் பிடித்த பகுதி. வெள்ளித் தரையில் காற்று நம்முடையதைவிட 50 மடங்குக்கு மேல் அடர்த்தி. விழுகிற பொருளை அதுவே பிடித்து நிறுத்தும். இங்கே விமானத்திலிருந்து குதித்து மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவர் அங்கே 26 கிலோமீட்டர் வேகத்தில்தான் தரையைத் தொடுவார், சைக்கிளில் போகிற வேகம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வெனேரா 9இலிருந்து அவர்கள் 50 கிலோமீட்டர் உயரத்திலேயே பாராசூட்டை வேண்டுமென்றே கழற்றி விட்டுவிட்டார்கள். மிச்ச தூரத்துக்குக் கலனைச் சுற்றி ஒரு தட்டு, அவ்வளவுதான். சீக்கிரம் கீழே போனால் சீக்கிரம் வேலை ஆரம்பிக்கலாம், சூடு உள்ளே ஏறுவதற்குள் முடிக்கலாம். இறங்கும் முன்பே கலனைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரவைத்துத்தான் அனுப்பினார்கள். 1982இல் வெனேரா 13 தரையில் 127 நிமிடம் தாக்குப்பிடித்தது, எதிர்பார்த்தது அரை மணிதான். அதன் கூட்டாளி வெனேரா 14க்குத்தான் விதி விளையாடியது. கேமரா மூடி கழன்று தரையில் விழுந்தது, மண்ணின் இறுக்கத்தை அளக்க ஒரு கை கீழே நீண்டது, நேராகப் போய் அந்த மூடி மேலேயே குத்தியது. அத்தனை கோடி கிலோமீட்டர் போய் நம்ம ஊர் மூடியையே அளந்துவிட்டு வந்தது.

வெள்ளியில் அழுத்தம் ஒரு பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1960லேயே ட்ரீஸ்ட் என்ற கலம் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு பசிபிக்கின் மரியானா அகழியின் அடிக்குப் போய்த் திரும்பியது, அங்கே அழுத்தம் ஆயிரம் மடங்குக்கும் மேல். 12 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த இரும்பு உருண்டை, அவ்வளவுதான் ரகசியம். வெள்ளியில் கலனைக் கொல்வது சூடு. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 420க்குள் உருகும், சர்க்யூட் போர்டில் பற்றவைத்த சால்டரெல்லாம் வழிந்து பாகங்கள் கழன்று விழும், சாதாரண சிலிக்கான் சில்லு அதற்கு முன்பே பைத்தியம் பிடித்து நிற்கும். நாசா சிலிக்கான் கார்பைடில் செய்த சில்லுகளை வெள்ளியின் சூட்டையும் அழுத்தத்தையும் உண்டாக்குகிற அறைக்குள் வைத்து 521 மணி நேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், குளிரூட்டாமல், மூடி போடாமல். பழைய கலன்கள் இரண்டு மணி நேரம் தாங்கின இடத்தில் மூன்று வாரம். வெள்ளித் தரையில் வருங்காலத்தில் ஏதாவது நிரந்தரமாக உட்காரும் என்றால் அது இந்தப் பக்கமிருந்துதான் வரும் என்பது என் கணிப்பு.

செவ்வாய் இதற்கு நேர்மாறு. அங்கே அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கெந்திங் மலைக்குப் பஸ் ஏறும்போது கையில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு வருமே, செவ்வாயில் அது வெடித்தே போகும். தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினால் ஒரு பக்கம் கொதித்துக்கொண்டே இன்னொரு பக்கம் உறையும். மணிக்கு 100 கிலோமீட்டர் புயல் அடித்தாலும் முகத்தில் 13 கிலோமீட்டர் காற்று பட்ட மாதிரிதான் தள்ளும், படத்தில் காட்டுகிற மாதிரி ஆளைத் தூக்கி எறியாது. ஆனால் அதே மெல்லிய காற்று விழுகிற எதையும் பிடிக்காது, ஈர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூட என்றாலும், பாராசூட் இல்லாமல் குதித்தவர் அங்கே ஒலியின் வேகத்தைத் தொட்டுக்கொண்டு தரைக்கு வருவார். அதனால்தான் 2021இல் பெர்சிவரன்ஸ் ஊர்தியை இறக்க 21.5 மீட்டர் அகலப் பாராசூட் போதாமல், ராக்கெட்டில் மிதக்கிற ஒரு கிரேனைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அதோடு போன இன்ஜெனியூட்டி என்ற குட்டி ஹெலிகாப்டர் 1.8 கிலோதான், அதைத் தூக்க நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் சிறகைச் சுழற்ற வேண்டியிருந்தது. 72 முறை பறந்து, 2024 ஜனவரியில் சிறகு உடைந்து நின்றது.

வியாழனுக்குத் திரும்புகிறேன், பிள்ளைகளின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. வியாழனில் நிற்கத் தரையே கிடையாது. ஆழம் போகப்போக வாயு அடர்ந்துகொண்டே போகும், சூடு ஏறிக்கொண்டே போகும். 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்த ஆய்வுக்கலன் ஒன்று உள்ளே பாய்ந்தது, வினாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில். சாங்கியிலிருந்து துவாஸுக்கு ஒரு வினாடி. அந்த வேகத்தைக் காற்று பிடித்து நிறுத்தியபோது கலன் அனுபவித்தது 228 மடங்கு. உள்ளே இருந்த ஒரு கிலோ கருவி அந்த நேரத்தில் 228 கிலோவாக உட்கார்ந்தது. வியாழனின் சொந்த ஈர்ப்பு இரண்டரை மடங்கு, அதில் மோதி நிற்பது 228 மடங்கு, எது ஆபத்து என்று நீங்களே பாருங்கள். 152 கிலோ வெப்பக் கவசத்தில் சுமார் 80 கிலோ எரிந்தே போனது. அப்புறம் பாராசூட் 53 வினாடி தாமதமாக விரிந்தது. வேகக்குறைவை உணர்கிற சுவிட்சில் வயரை மாற்றி இணைத்ததுதான் காரணமாக இருக்கும் என்று பிறகு கண்டார்கள். எத்தனை கோடி டாலர் செலவு செய்தாலும் வயர் மாட்டுகிறவர் மனிதர்தானே.

அந்தக் கலனில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அதன் கூட்டை அவர்கள் காற்றுப்புகாமல் மூடவே இல்லை, வியாழனின் வாயு உள்ளே வந்துபோக வழி விட்டுவிட்டார்கள். அழுத்தத்தோடு சண்டை போட்டால் கனமான சுவர் வேண்டும், உள்ளே விட்டுவிட்டால் வேண்டாம், மூடியே ஆகவேண்டிய கருவிகளை மட்டும் தனித்தனிச் சின்னப் பெட்டிகளில் அடைத்தால் போதும். திறந்த பால் டின்னின் தந்திரம். சுமார் ஒரு மணி நேரம் தகவல் அனுப்பி, 22 மடங்கு அழுத்தமும் 150 டிகிரிக்கு மேல் சூடும் வந்தபோது அடங்கியது. அதற்குப் பிறகு கீழே போய்க்கொண்டே இருந்திருக்கும். 660 டிகிரி வருகிற ஆழத்தில் அலுமினியம் உருகும், 1,670 டிகிரி பக்கம் டைட்டானியமும் உருகும், பிறகு எல்லாமே ஆவியாகிக் கலந்திருக்கும். நசுங்கிய தகடு என்று எதுவும் எங்கேயும் கிடக்காது. அதனால் பிள்ளைகளுக்கு என் பதில், நீங்கள் நசுங்குவதற்கு முன் வெந்துவிடுவீர்கள், கண்ணுங்களா.

இதுவரைக்கும் நான் சொன்ன வித்தியாசக் கணக்கு ஒரு எல்லை வரைதான் செல்லும் என்பதையும் சொல்லவேண்டும். பத்து லட்சம் மடங்கு, அதற்கும் மேலே என்று போகும்போது, உள்ளே வெளியே என்கிற பேச்சே இல்லை, அணுக்களையே அழுத்தம் நெருக்கிப் பிடித்துப் பொருளின் குணத்தை மாற்றிவிடும். வியாழனின் ஆழத்தில் ஹைட்ரஜன், பலூனில் அடைக்கிற அதே வாயு, மின்சாரம் கடத்துகிற திரவ உலோகமாகிவிடுகிறது, அந்தக் கிரகத்தின் பிரம்மாண்டமான காந்தப்புலம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. நம் காலடியிலும் அப்படித்தான், பூமியின் மையத்தில் 36 லட்சம் மடங்கு அழுத்தம், 5,000 டிகிரிக்கு மேல் சூடு இருந்தும் இரும்பு உருகாமல் கெட்டியாக நிற்கிறது.

யுரேனஸ், நெப்டியூன் இரண்டின் உள்ளேயும் கரிமம் பிரிந்து வைரமாகி மழைபோல் ஆழத்துக்கு இறங்கும் என்று ரொம்ப நாளாக ஒரு கருத்து உண்டு. அதை 2017இல் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? பாலிஸ்டிரீன். தெர்மக்கோல் டப்பா செய்கிற பிளாஸ்டிக். சக்திவாய்ந்த லேசரால் அடித்து, சுமார் 15 லட்சம் மடங்கு அழுத்தமும் 5,000 டிகிரி பக்கம் சூடும் ஒரு கணம் உண்டாக்கினார்கள், உள்ளே கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வைரங்கள் உருவானதை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. 2022இல் தண்ணீர்ப் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கில் செய்துபார்த்தார்கள், அதிலும் வந்தது. தேக்கா மார்க்கெட்டில் வாங்கின பார்சல் டப்பாவை வீட்டில் வைத்து முயற்சி பண்ண வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு இடத்துக்கு என்னை வேலைக்கு அனுப்புவோம் என்றால் சனியின் பெரிய நிலவு டைட்டனைத்தான் கேட்பேன். ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு, அழுத்தமோ ஒன்றரை மடங்கு. பாருங்கள், இழுப்பு குறைந்த இடத்தில் அழுத்தம் கூட. அங்கே மனிதனுக்கு அழுத்த உடையே தேவையில்லை, ஆக்சிஜனும் நல்ல கம்பளி உடுப்பும் போதும், மைனஸ் 180 டிகிரிக்குத் தாங்குகிற கம்பளி எங்கே கிடைக்கும் என்பது வேறு விஷயம். கையில் சிறகு கட்டி அடித்தால் மனிதனே பறக்கலாம் என்று கணக்குச் சொல்கிறது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலன் அங்கே பாராசூட்டில் தொங்கியபடி இரண்டரை மணி நேரம் ஆடி அசைந்து இறங்கியது, தரையைத் தொடும்போது வினாடிக்கு ஐந்து மீட்டர்தான் வேகம், தரையிலிருந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியது. அடுத்து நாசா அனுப்பப்போவது டிராகன்ஃபிளை, 2028இல் கிளப்பத் திட்டம், 2034இல் போய்ச் சேர வேண்டும். செவ்வாயில் 1.8 கிலோவைத் தூக்கவே அந்தப் பாடு பட்டார்கள், டைட்டனில் ஒரு கார் அளவுக்கு இருக்கிற இயந்திரத்தை எட்டுச் சுழலிறக்கையில் ஊர் ஊராகப் பறக்கவிடப் போகிறார்கள். காற்று தடிமன், இழுப்பு குறைவு, இரண்டும் சேர்ந்து கிடைத்த வரம் அது. அங்கே சுவர் தடிமனைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, எனக்கு வேலையும் இருக்காது என்று நினைக்கிறேன்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி, வணக்கம்.